முதலில் தாள், பிறகு ஏஐ: பினாங்குத் தமிழ்ப்பள்ளி ரோபோ குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் ரோபோ குழுவைப் பற்றியது. ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள், சனிக்கிழமைக் காலை, பள்ளி மண்டபம். புறப்பாட நடவடிக்கைப் பட்டியலில் இருக்கும் வழக்கமான குழுதான். ஏஐயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரோபோவுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்க்க, ஒரு தவணை முழுக்க ஆசிரியை கொஞ்சம் திட்டமிட்டு அதை நடத்தினார். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருப்பவன். உதவிக்குப் போனேன், குறிப்பெடுத்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஏஐயின் பதில்களிலிருந்து கற்றது கொஞ்சம்தான். அதனிடம் போவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் எழுத வேண்டியிருந்ததே, அதில்தான் பாதிக்கு மேல் நடந்தது. அந்தத் தாளும் யாரும் யோசித்து வைத்த பாடமுறையாகப் பிறக்கவில்லை. வயது விதி ஒன்று இருந்தது, அதனால் வந்தது.

குழுவும் கருவிகளும்

நான்கு குழுக்கள். குழுவுக்கு ஒரு ரோபோ: இரண்டு சக்கரம், முன்னால் ஓர் உருளை, தரையைப் பார்க்கும் இரண்டு அகச்சிவப்புச் சென்சார்கள், நெற்றியில் தூரம் அளக்கும் மீயொலிச் சென்சார். மூளையாக ஒரு மைக்ரோபிட். பிபிசி 2016இல் பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகளுக்காக வெளியிட்ட அந்தச் சிறு பலகை இன்று இங்கே பல பள்ளிகளுக்குப் பழக்கமானது. 25 எல்இடி விளக்குகள், இரண்டு பொத்தான்கள் அதிலேயே இருக்கின்றன. எங்களிடம் இருந்தவை 2020இல் வந்த இரண்டாம் பதிப்பு. நிரல் எழுத மைக்ரோசாஃப்டின் மேக்கோட் தளம். அதில் வண்ணக் கட்டங்களை அடுக்கியும் எழுதலாம், பைத்தான் என்ற நிரல்மொழியிலும் எழுதலாம், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியும் பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு இது முழுக்கப் புதிதில்லை. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் கட்ட நிரலைப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு வசதி, இந்த ஊர். 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கி, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்ததிலிருந்து இங்கே எத்தனையோ வீட்டில் யாராவது ஒருவர் ஆலையில் ஆப்பரேட்டராகவோ டெக்னீஷியனாகவோ இருக்கிறார். சென்சார் என்ற சொல்லைப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டிருப்பார்கள்.

கொடுத்த வேலைகள் மூன்று. தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பின்தொடர்வது, சுவருக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் நிற்பது, இரண்டையும் சேர்த்து ஒரு பெட்டிக்குள் போய் நிறுத்துவது. மூன்றாவதைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை. முதல் இரண்டும் சரியாக வந்த குழுவுக்கு அது தானாக வந்தது, வராத குழுவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மடிக்கணினி, ஒரு வரிசை

ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு 12 வயது. சாட்ஜிபிடி போன்ற சேவையைப் பயன்படுத்த அதன் விதிப்படி 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 18 வரை பெற்றோரின் சம்மதமும் வேண்டும். ஆகவே பிள்ளைகள் கையில் கணக்கைக் கொடுக்க முடியாது. ஆசிரியை தன் கணக்கை ஒரே ஒரு மடிக்கணினியில் திறந்து, திரையில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தார். பிள்ளைகள் கேள்வியைச் சொல்வார்கள், அவர் தட்டச்சு செய்வார்.

முதல் சில வகுப்புகளில் இது சந்தைக் கூச்சலாக இருந்தது. நான்கு குழுக்களும் ஒரே நேரத்தில் "டீச்சர், எங்களுது ஓடல", "டீச்சர், கோடிங் தப்பா இருக்கு, வேற கேளுங்க" என்று சுற்றி நின்றன. வந்த நிரலை அப்படியே ரோபோவுக்குள் இறக்கினார்கள். ஓடவில்லை என்றால் திரும்பி வந்து "ஓடல" என்றார்கள். ஏஐயும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு ஒன்றைக் கொடுத்தது. இப்படி மூன்று சுற்றுப் போனபின் நிரல் நீளமாகியிருக்கும், ரோபோ அதே இடத்தில் நிற்கும், பிள்ளைக்குத் தன் நிரலில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

வரிசையை ஒழுங்குபடுத்தத்தான் ஆசிரியை தாள் கொண்டுவந்தார். எழுதிக் கொண்டுவந்தால்தான் தட்டச்சு செய்வேன் என்றார். முதலில் வெறும் கேள்வி மட்டும். பிறகு அவரே அதில் மூன்று வரி போட்டார்: ரோபோ என்ன செய்யணும், உண்மையில் என்ன செய்தது, ஏன் என்று நீ நினைக்கிறாய். மூன்றாவது வரியில் "தெரியாது" என்று எழுதலாம், ஆனால் காலியாக விடக்கூடாது.

மாற்றம் உடனே தெரிந்தது என்று சொன்னால் மிகையாகிவிடும். முதல் தாள்களில் இரண்டாவது வரி எல்லாவற்றிலும் "ஓடல" என்றே இருந்தது. ஆசிரியை அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "ஓடலன்னா? சக்கரமே சுத்தலயா, சுத்திக்கிட்டு நகரலயா, நகர்ந்து நின்னுச்சா?" பிள்ளை ரோபோவிடம் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப் போனவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. பார்க்கப் போன இடத்திலேயே காரணம் தெரிந்துவிட்டது: பேட்டரிச் சுவிட்ச், கழன்ற கம்பி, வேறு குழுவின் நிரலை இறக்கியது.

நான் வேலை செய்யும் இடத்திலும் இதுதான் நடக்கிறது. பழுது அறிக்கையில் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் எங்கள் மேற்பார்வையாளர் வாசிக்கவே மாட்டார்.

எந்த பைத்தான்?

தவணையின் தொடக்கத்தில் அதிக நேரத்தைத் தின்ற சிக்கல் இது. ஏஐ கொடுத்த நிரல் பார்க்க அழகாக இருக்கும். மேக்கோட்டில் ஒட்டியவுடன் பாதி வரிகளுக்கு அடியில் சிவப்புக் கோடு விழும். பிள்ளைகள் பிழைச் செய்தியை அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள், புதிய நிரல் வந்தது, இப்போது வேறு வரிகளில் சிவப்பு.

காரணம் எளிது, ஆனால் பிள்ளைகளால் ஊகிக்க முடியாதது. மைக்ரோபிட்டுக்கு இரண்டு வகைப் பைத்தான் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று மைக்ரோபைத்தான், டேமியன் ஜார்ஜ் 2013இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்தது. மற்றது மேக்கோட்டின் சொந்தப் பைத்தான். இரண்டும் ஒரே பலகையில் ஓடும், கட்டளைகளின் பெயர்கள் வேறு. கொஞ்ச நேரம் காத்திரு என்பதற்கு ஒன்றில் ஸ்லீப், மற்றதில் பாஸ். எழுத்தை ஓடவிட ஒன்றில் டிஸ்ப்ளே, மற்றதில் பேசிக். இணையத்தில் இரண்டும் கலந்து கிடப்பதால் ஏஐயும் கலந்தே கொடுத்தது. மோட்டாருக்கு வந்தபோது இன்னும் மோசம். எங்கள் ரோபோவில் இல்லாத ஒரு மோட்டார் பலகை இருப்பதாக எடுத்துக்கொண்டு, இல்லாத பின்களுக்கு, அதாவது கம்பி மாட்டும் முனைகளுக்கு, கட்டளை எழுதியது. எந்தக் கார் என்று நாம் சொல்லவில்லை, அது தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு காரை வைத்துக்கொண்டது.

தீர்வாக ஆசிரியை ஒரு முழு வகுப்பை நிரலே எழுதாமல் ஒதுக்கினார். பிள்ளைகள் தங்கள் ரோபோவைத் தலைகீழாகப் பிடித்து, எந்தக் கம்பி எந்தப் பின்னுக்குப் போகிறது என்று பார்த்து எழுதினார்கள். இடது தரைச் சென்சார் பின் 1, வலது பின் 2, மோட்டாருக்கு இந்தக் கட்டளை, வேகம் 0 முதல் 255 வரை, மேக்கோட் பைத்தான் மட்டும், இந்தப் பட்டியலில் இல்லாத கட்டளையைப் பயன்படுத்தாதே. "எங்க ரோபோ" என்று தலைப்பு. ஒவ்வொரு புதிய உரையாடலின் தொடக்கத்திலும் ஆசிரியை அதை முதலில் ஒட்டிவிட்டுத்தான் கேள்வியைத் தட்டுவார்.

சிவப்புக் கோடுகள் பெரும்பாலும் போய்விட்டன. மைக்ரோசாஃப்டின் ரோபோ ஆய்வுக் குழு 2023 பிப்ரவரியில் சாட்ஜிபிடியை ரோபோவுக்கு நிரல் எழுதவைத்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதைத்தான் முதல் விதியாகச் சொன்னது: ரோபோவால் செய்ய முடிந்த காரியங்களைத் தெளிவான பெயரோடு பட்டியலாக முதலில் கொடு, அந்தப் பட்டியலுக்குள் எழுதச் சொல். அவர்களுடையது டிரோனும் இயந்திரக் கையும். எங்களுடையது டேப் மேல் ஓடும் கார். விதி மாறவில்லை.

என் பார்வையில் அந்தத் தவணையின் சிறந்த வகுப்பு அதுதான். ரோபோ ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

வெட்டவெளியில் நிற்கும் ரோபோ

இரண்டாவது வேலையில் ஒரு குழுவுக்கு வந்த பிரச்சினையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுவருக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். ஏஐ கொடுத்த நிரலின் சாரம்: தூரத்தை அள, 20க்குக் குறைவு என்றால் நில், இல்லையென்றால் முன்னே போ. படித்துப் பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சுவரிலிருந்து ஒரு மீட்டரில் வைத்தார்கள், அழகாகப் போய் நின்றது. கைதட்டினார்கள். மண்டபத்தின் நடுவில், முன்னால் ஒன்றுமே இல்லாத இடத்தில் வைத்தார்கள். அசையவில்லை.

"சார், இது சோம்பேறி ரோபோ லா. இடம் குடுத்தா நிக்குது" என்றான் ஒருவன்.

அவர்கள் எழுதிய முதல் தாள்: "போகணும். போகல. பேட்டரி வீக்." ஏஐ பேட்டரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியது. புதிய பேட்டரி போட்டார்கள், அதேதான். இரண்டாவது தாளில் அந்தக் குழுவின் பெண்பிள்ளை எழுதியது: "சுவர் பக்கம் வச்சா ஓடுது. நடுவுல வச்சா ஓடல. பேட்டரி புதுசு. எதிர்ல ஒண்ணும் இல்லாட்டி சென்சார் என்ன நினைக்கும்?"

ஆசிரியை அதைத் தட்டச்சு செய்வதற்கு முன் நிறுத்திவிட்டார். "இதை ஏஐகிட்ட கேக்கணுமா, ரோபோகிட்டயே கேக்கலாமா?" என்றார். மைக்ரோபிட்டின் விளக்குகளில் தூரத்தைக் காட்டச் சொல்லி இரண்டு கட்டம் சேர்த்தார்கள். சுவரை நோக்கி வைத்தால் எண் வந்தது. நடுவில் வைத்தால் 0.

மீயொலிச் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸில் ஒரு கீச்சொலியை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். எதிரொலி வர எடுத்த நேரத்தை மைக்ரோவினாடியில் அளந்து 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் கிடைக்கும். எதிரொலியே வராவிட்டால் காத்திருந்து பார்த்துவிட்டு 0 என்று திருப்பித் தரும். அதாவது 0 என்பதற்கு இங்கே 'ஒன்றும் கேட்கவில்லை' என்று பொருள். நிரலோ அதைத் தூரம் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. பூஜ்யம் 20க்குக் குறைவு, ஆகவே நில்.

அதற்குப் பிறகு எழுதிய தாள் குட்டியானது: "0 வந்தா எதிர்ல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். 0 இல்லாம 20க்குக் கீழ இருந்தாதான் நிக்கணும். எப்படி எழுதணும்?" ஒரே பதிலில் சரியான வரி வந்தது. இந்த இடத்தில் ஏஐ செய்தது நல்ல வேலை. ஆனால் அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது இலக்கணம் மட்டும்தான். 'மற்றும்' என்ற நிபந்தனையைப் பைத்தானில் எப்படி எழுதுவது என்பதை அது சொன்னது. ஏன் எழுத வேண்டும் என்பது அவர்களுடையது.

58 எங்கிருந்து வந்தது என்று ஒருவன் கேட்டான். 20 டிகிரிச் சூட்டில் ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு 29 மைக்ரோவினாடி, போய்வர 58. பினாங்கு மண்டபத்தில் 20 டிகிரி ஏது என்று அவனே கேட்டான். 32 டிகிரியில் ஒலி வினாடிக்கு 350 மீட்டருக்குப் பக்கத்தில் போகும். 20 சென்டிமீட்டர் தூரத்தில் அந்த வித்தியாசம் அரை சென்டிமீட்டர்கூட வராது என்று வெள்ளைப் பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியதும் விட்டுவிட்டான். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

டேப்பும் சன்னலும்

கோட்டைப் பின்தொடரும் வேலையில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் ஒன்றாகத் தெரிந்தன. ரோபோ டேப்பின் மேல் ஆடி ஆடிப் போனது, சில இடங்களில் டேப்பை விட்டே வெளியேறியது.

ஆட்டத்துக்குக் காரணம் நிரலுக்குள் இருந்த ஒரு வரி. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 100 மில்லிவினாடி காத்திருக்கும்படி ஏஐ எழுதியிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நிரலை இறக்குமுன் ஒரு பிள்ளை வாய்விட்டு வாசிக்க, இன்னொரு பிள்ளை டேப்பின் மேல் ரோபோவாக நடக்க வேண்டும் என்று ஆசிரியை ஒரு வழக்கம் வைத்திருந்தார். 1967இல் அமெரிக்காவில் வாலி ஃபூர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் லோகோ மொழியை உருவாக்கிய காலத்திலிருந்தே இப்படி உடம்பால் நடந்து பார்க்கும் முறை இருக்கிறது, புதிதல்ல. நடந்தவன் "காத்திரு" என்ற வரி வந்ததும் நின்றுவிட்டான். உடனே சண்டை. "நிக்கக் கூடாது, சக்கரம் சுத்திக்கிட்டேதான் இருக்கும், கண்ணை மட்டும் மூடிக்க!" என்றாள் வாசித்தவள். அவள் சொன்னது சரி. காத்திருக்கும் நேரத்தில் மோட்டார் நிற்பதில்லை, சென்சாரைப் படிப்பதுதான் நிற்கிறது.

அடுத்தது கணக்கு. மீட்டர் கோலைத் தரையில் வைத்து ரோபோவை ஓடவிட்டார்கள். வினாடிக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் போனது. அப்படியானால் 100 மில்லிவினாடியில் 3 சென்டிமீட்டர் குருட்டு ஓட்டம். மின்சாரக் கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப்பின் அகலம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. காத்திருப்பை 10 ஆக்கினார்கள், ஆட்டம் அடங்கியது. அந்த வரியை முழுக்க எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு குழு தாளில் எழுதி ஏஐயிடம் கேட்டது. அது நல்ல கேள்வி, பதிலும் நன்றாகவே வந்தது.

டேப்பை விட்டு வெளியேறுவது அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. ஏஐ ஏழெட்டுக் காரணம் அடுக்கியது: மோட்டார் வேகம், சக்கரம், டேப்பின் வளைவு, சென்சார் உயரம், இன்னும் என்னவோ. எல்லாமே நடக்கக்கூடியவைதான், அதுதான் தொல்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கத் தொடங்கினால் காலை முழுக்கப் போய்விடும். அதிகம் பேசாத ஓர் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை, ரோபோ வெளியேறும் ஒவ்வோர் இடத்திலும் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தாள். புள்ளிகள் எல்லாம் மண்டபத்தின் ஒரே பக்கத்தில் விழுந்தன. சன்னல் பக்கம்.

தாளில் அவள் எழுதியது: "சன்னல் பக்கம் மட்டும். காலையில சரி. வெயில் வந்த அப்புறம் தப்பு." இதைத் தட்டியதும் ஏஐயின் ஏழெட்டுக் காரணங்கள் ஒன்றாகச் சுருங்கின. சூரிய ஒளியில் அகச்சிவப்புக் கதிர் நிறைய இருக்கிறது. சென்சார் தன் சொந்த ஒளி தரையில் பட்டுத் திரும்புவதைத்தான் அளக்கிறது. வெயிலும் சேர்ந்தால் கறுப்பும் வெள்ளைபோலத் தெரியும். எங்கள் நிரலில் கறுப்பு வெள்ளை எல்லைக்கு ஒரே ஓர் எண் வைத்திருந்தது. அது 0 முதல் 1023 வரையிலான அளவில் ஏஐ குத்துமதிப்பாகப் போட்ட நடு எண்.

ஓட்டத்துக்கு முன் வெள்ளையில் வைத்து ஒரு பொத்தான், கறுப்பில் வைத்து இன்னொரு பொத்தான் அழுத்தி, இரண்டு அளவுக்கும் நடுவில் எல்லையை வைக்கும்படி ஏஐ புதிய நிரல் தந்தது. முறை சரியானதுதான், பாதிக்குத்தான் உதவியது. ஒரே ஓட்டத்தில் நிழலும் வெயிலும் மாறி மாறி வருகிறது. எந்த இடத்தில் அளப்பது? பிள்ளையை அழைத்துப்போக வந்திருந்த ஓர் அப்பா, ஆலையில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன், குனிந்து பார்த்துவிட்டு "பாவாடை கட்டு மா, வெயில் உள்ள வராது" என்றார். கறுப்பு மணிலா அட்டையை வெட்டிச் சென்சாரைச் சுற்றி ஒட்டினார்கள். பிரச்சினை முடிந்தது.

ஏஐயிடம் வேறுவிதமாகக் கேட்டிருந்தால் அட்டை யோசனையையும் அது சொல்லியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் நாங்கள் கேட்டதெல்லாம் நிரல், ஆகவே அது தந்ததும் நிரல். மண்டபத்தில் நிற்பவருக்கு நிரலுக்கு வெளியேயும் கை நீள்கிறது. அந்த அப்பாவை ஆசிரியை அடுத்த வாரமும் வரச் சொன்னார். வந்தார்.

ஏஐ இல்லாத சனிக்கிழமை

இவ்வளவும் பிள்ளைகளுக்குள் தங்கியதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இந்தக் கவலைக்கு ஆதாரம் இருக்கிறது. துருக்கியில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் ஓர் ஆய்வு நடந்தது. சாதாரண ஏஐயைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியின்போது 48 விழுக்காடு மேலாகச் செய்தார்கள். ஏஐயை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாமலே படித்தவர்களைவிட 17 விழுக்காடு குறைந்தார்கள். நேராக விடை தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த ஏஐயோடு படித்தவர்கள் பயிற்சியில் 127 விழுக்காடு மேலே போனார்கள், தேர்வில் அந்தச் சரிவு அவர்களுக்கு ஏறக்குறைய இல்லாமல் போனது. ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடத்தில் 2023இல் வந்த வாத்துப் பொம்மை ஏஐயும் இதே எண்ணத்தில்தான் விடையை நேராகத் தராமல் வழிகாட்டுகிறது.

ஆசிரியையும் "முழு நிரல் தராதே, ஒரு கேள்வி கேட்டு வழிகாட்டு" என்று ஏஐக்குச் சொல்லி வைத்திருந்தார். நாலைந்து பரிமாற்றம் வரை கேட்கும், அப்புறம் மறந்துவிட்டு முழு நிரலையும் கொட்டும். ஆகவே அதை நம்பி இருக்க முடியவில்லை.

தவணைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மடிக்கணினி மூடியே இருந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஓடிக்கொண்டிருந்த ரோபோவில் ஒரு பழுதை வேண்டுமென்றே வைத்துக் கொடுத்தோம்: இடது வலது சென்சார் மாற்றி, நிபந்தனையின் குறி திருப்பி, மோட்டார் வேகம் ஒரு பக்கம் குறைத்து. உதவி எதுவும் கிடையாது, தாள் மட்டும் உண்டு.

இரண்டு குழுக்கள் தாளையே நிரப்பி, கேட்க யாரும் இல்லாமலேயே பழுதைக் கண்டுபிடித்தன. சோம்பேறி ரோபோக் குழு முதலில் செய்தது விளக்குகளில் எண்ணைக் காட்டவைத்ததுதான். மூன்றாவது குழு கண்டுபிடித்தது, ஆனால் வரிகளைக் கண்டபடி மாற்றிப் பார்த்துத் தற்செயலாகச் சரி செய்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை. நான்காவது குழுவால் முடியவில்லை. விசித்திரம் என்னவென்றால், தவணை முழுக்க மிக நேர்த்தியாகக் கேள்வி எழுதிய குழு அதுதான். தாள்களை எடுத்துப் பார்த்தபோது புரிந்தது: எழுதியது எல்லாம் ஒரே பிள்ளையின் கையெழுத்து. அவன் அன்றைக்கு வரவில்லை.

நான்கே குழுக்கள், அதுவும் ஒரே பள்ளி. இதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஆனால் யார் தாளை எழுதினார்கள் என்பது யார் நிரலை எழுதினார்கள் என்பதைவிட அதிகம் சொன்னது.

இதில் பெற்றோர் கேட்ட கேள்வி போட்டியைப் பற்றியது. 2004இல் சிங்கப்பூரில் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாட் 2012இல் கோலாலம்பூரில் நடந்தது. அதிலிருந்து பதக்கக் கனவு இங்கே பல வீடுகளில் உண்டு. அந்தப் போட்டியில் அன்றைக்குக் காலையில்தான் ஒரு புதிய விதியை அறிவிப்பார்கள், அதற்கேற்ப நிரலை அங்கேயே மாற்ற வேண்டும், வெளியிலிருந்து உதவி கிடையாது. ஏஐயிடம் கேட்டே பழகிய பிள்ளை அங்கே என்ன செய்யும் என்று ஓர் அம்மா கேட்டார். மூடிய மடிக்கணினிச் சனிக்கிழமையைத் தவணைக்கு ஒன்றிலிருந்து மாதம் ஒன்றாக ஆக்கியதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

தாள் சரிப்படாத பிள்ளை

ஒரு பையனுக்கு இந்த முறை எதிராகவே வேலை செய்தது. கையில் ஸ்குரூடிரைவர் கொடுத்தால் எல்லாருக்கும் முன்னால் இருப்பான், எழுதச் சொன்னால் ஓடிவிடுவான். தாள் கட்டாயமானதும் அவன் வரிசையின் கடைசிக்குப் போனான், பிறகு வரிசையிலேயே நிற்கவில்லை. ஆசிரியை இதைப் பிந்தித்தான் பார்த்தார் என்று குறை சொல்ல முடியாது. நான்கு குழுவுக்கு ஒருவர். படம் வரையலாம், அம்புக்குறி போடலாம், அல்லது வாயால் சொல்லி நண்பன் எழுதலாம் என்று விதியைத் தளர்த்தியதும் திரும்பி வந்தான். அவன் வரைந்த சக்கரப் படங்கள் மற்றவர்களின் மூன்று வரியைவிடத் தெளிவாக இருந்தன. இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் நீள அம்பு, வலதுக்குக் குட்டை அம்பு. ஆசிரியை அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மொழி தடையாக இல்லை. பிள்ளைகள் தமிழில் எழுதினார்கள், இடையில் மலாயும் ஆங்கிலமும் வந்தன, ஆசிரியை அப்படியே தட்டினார், ஏஐ பெரும்பாலும் புரிந்துகொண்டது. பதில் மட்டும் மேடைப் பேச்சாளர் பாணியில் வந்தது. "சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்று ஒருமுறை கேட்டதும் இறங்கி வந்தது. இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில் இவர்களில் பலர் மலாய் வழியில் அடிப்படைக் கணினி அறிவியல் படிக்கப் போவார்கள். அதை நினைத்து ஆசிரியை ஒரு குழுவிடம் "எங்க ரோபோ" தாளை மலாயிலும் எழுதச் சொன்னார், அவர்களும் அலட்டிக்கொள்ளாமல் எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்த தவணைக்கு

சில மாற்றங்கள் முடிவாகிவிட்டன. தாளில் கையெழுத்து சுழற்சி: ஒரே பிள்ளை அடுத்தடுத்து இரண்டு முறை எழுதக் கூடாது. நான்காவதாக ஒரு வரி சேர்கிறது: இந்த நிரலை இறக்கினால் எந்தச் சக்கரம் என்ன செய்யும். பதில் வந்தபின், இறக்குவதற்கு முன் அதை நிரப்ப வேண்டும். பக்கத்தில் படம் வரைய ஒரு கட்டம்.

அருகில் உள்ள இன்னொரு தமிழ்ப்பள்ளி எங்கள் தாள்களைக் கேட்டது. கேள்வித் தாளைக் கொடுத்துவிட்டோம். "எங்க ரோபோ" பட்டியலைக் கொடுக்கவில்லை. அவர்களுடையது வேறு கார், பின் எண்களும் வேறு. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ரோபோவைத் தலைகீழாகப் பிடித்துத் தாங்களே எழுதட்டும் என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார்.